இரண்டாவது தீர்மானம்

சென்னை டெஸ்ட் ஆட்டத்தில் ரங்காச்சாரிக்கு இடமில்லை என்ற செய்தி தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலையில் பெரம்பலூருக்கு வந்தது. பத்திரிகை அரியலூர் வரைக்கும் ரயிலில் வரும். அங்கிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பெரம்பலூர் வந்து இறங்கும். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காபி கிளப்பில் கிரிக்கெட் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் அதற்காகவே காத்துக் கிடப்பார்கள்.

சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம். வெஸ்ட் இண்டீஸ் அணி முதல் தடவையாக நம் நாட்டுக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா முடிந்து, நாலாவது ஆட்டம் சென்னையில். அந்த ஆட்டத்தில்தான் சென்னைக்காரரான வேகப் பந்து வீச்சாளர் ரங்காச்சாரி இல்லை என்று பத்திரிகை சொன்னது.

படித்துக் காட்டிய பஞ்சநாதன் பத்திரிகையை மேஜைமேல் வீசி எறிந்தார். ஊரில் அறுபது காணி நஞ்சை அவருக்கு. சென்னையில் காலேஜ் படித்தபோது பிடித்த கிரிக்கெட் கிறுக்கு இன்னும் விடவில்லை. பெரம்பலூர் கிரிக்கெட் கிளப்பின் கேப்டனும் அவர்தான், மட்டையும் பந்தும் வாங்கித் தருபவரும் அவர்தான்.

"டெல்லியில அஞ்சு விக்கெட் எடுத்த மனுஷன்யா. இருபத்தேழு ரன்னுக்கு மூணு பேர ஊட்டுக்கு அனுப்பினாரு. அப்பறம் வந்தவன் அடிச்சு அறுநூறைத் தாண்டுனான்னா அதுக்கு அவரா பொறுப்பு? ஒரே ஒரு ஆட்டம் சரியா அமையல. ஒடனே தூக்கி வெளிய போடறதா? கேக்க நாதியில்லன்னு நெனச்சுட்டாங்க."

"பம்பாயில அவரு என்ன பண்ணாருன்னும் சேத்துச் சொல்லுங்க" என்றார் அரியமுத்து. சர்க்கார் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஸ்லிப்பில் நின்று பிடிப்பார், நிதானமாகப் பேசுவார், அந்த நிதானத்தாலேயே மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். "டெல்லி ஐப்பசியோட போச்சுங்க. இப்ப தை. அப்ப குடிச்ச மருந்துக்கு இப்ப வந்த காய்ச்சல் நிக்குமா? ஃபார்ம்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஃபார்மாம் ஃபார்ம். பந்து போடறவன் மனுஷனா மெஷினா? அன்னிக்கு அவனுக்கு ஒடம்பு எப்படி இருந்துச்சோ, கால் வலியோ, கேட்ச கோட்டை விட்டவன் எவனோ. எதையும் விசாரிக்காம ஃபார்ம் போச்சுன்னு சொல்லிட்டா ஆச்சா?"

காபி கிளப் வாசலில் கம்பத்தில் சாய்ந்து நின்று காபி குடித்துக்கொண்டிருந்த செல்லதுரைக்கு அந்த வார்த்தைகள் நெஞ்சில் இறங்கின. குரும்பலூரில் சேரிப் பிள்ளைகளுக்காகச் சர்க்கார் நடத்தும் லேபர் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவன். அந்த ஊர்ச் சேரியில் பிறந்து, திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது பந்து போடக் கற்றுக்கொண்டவன். பெரம்பலூர் கிளப்பில் அவனை விட வேகமாகப் போட ஆளில்லை. ரங்காச்சாரியின் பெயர் பத்திரிகையில் வந்த பக்கங்களைக் கத்தரித்து வைத்திருந்தான். பஞ்சநாதன் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றான்.

"நியாயமாப் பேசறீங்க சார்" என்றான்.

ஊரில் மற்றவர்கள் பஞ்சநாதனை 'ஐயா' என்றுதான் சொல்வார்கள். செல்லதுரையின் அப்பா அதற்கும் மேலே போய் 'சாமி' என்பார். செல்லதுரை மட்டும் 'சார்' என்பான். பஞ்சநாதன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

"இத சும்மா விடப்போறதில்ல" என்றார் பஞ்சநாதன். "நாளைக்குச் சாயந்தரம் வாசகசாலையில கண்டனக் கூட்டம். தீர்மானம் போட்டு பத்திரிகைக்கு அனுப்பிடுவோம். வைத்திலிங்கம், எல்லாருக்கும் சொல்லிடு." கிளப் காரியதரிசி வைத்திலிங்கம் தலையாட்டினான். அதே மூச்சில், காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பஞ்சநாதன் வாசல் பக்கம் திரும்பினார். "செல்லதுரை, அடுத்த ஞாயித்துக்கெழம அரியலூர்க்காரங்களோட ஆட்டத்துல ஒனக்கு ரெஸ்ட். போன தடவ ரொம்ப அடி வாங்கிட்டல்ல. புதுசா வந்திருக்கற சப்-ரிஜிஸ்திராரோட மச்சான் சுழல் பந்து நல்லாப் போடறாராம். அவரப் போட்டுப் பாப்போம்."

செல்லதுரை கையில் இருந்த டம்ளரைப் பார்த்தான். காபி தீர்ந்திருந்தது. சுற்றிலும் யாருக்கும் எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை. அரியமுத்து மட்டும், "ரங்காச்சாரிக்கும் செல்லதுரைக்கும் ஒரே சட்டம். அது வரைக்கும் சரி" என்று சிரித்தார். பேச்சு மறுபடி சென்னைக்குப் போய்விட்டது.

சைக்கிளில் குரும்பலூர் திரும்பும்போது அவனுக்குக் காது இரண்டும் எரிந்தன. போன தடவை என்ன நடந்தது என்பது பஞ்சநாதனுக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறார்.

அரியலூரோடு இந்தப் பருவத்தில் மூன்று ஆட்டம் என்று ஏற்பாடு. முதலும் மூன்றாவதும் பெரம்பலூரில். முதல் ஆட்டத்தில் மதியத்துக்குப் புளிச்சாதப் பொட்டலம், அவரவர் மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டார்கள். செல்லதுரை அன்று ஐந்து விக்கெட் எடுத்தான். இரண்டாவது ஆட்டம் மார்கழியில் அரியலூரில். காலையில் அவன் போட்ட பந்துகளில் மூன்று பேர் வந்த வழியே போனார்கள். மதியம் அரியலூர் கேப்டன் முத்துசாமியின் நெல் மண்டியில் விருந்து. நீளக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. செல்லதுரை கை கழுவிவிட்டு வந்து அரியமுத்துவுக்கு இரண்டு இலை தள்ளி உட்காரப் போனான். பரிமாறுகிற ஆள் துண்டை நீட்டிப் பின்பக்கம் காட்டினான்.

"ஒனக்கு அந்தாண்ட வெச்சிருக்கு."

அந்தாண்ட என்பது வண்டிக் கொட்டகை. அவிழ்த்து விட்ட மாடுகளுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு இலை. இலைமேல் வைக்கோல் துரும்பு பறந்து விழுந்திருந்தது. செல்லதுரை கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். பஞ்சநாதன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார். அரியமுத்து அந்த நேரம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

அவன் சாப்பிடாமல் மைதானத்துக்கு வந்துவிட்டான். ஸ்டேஷன் பக்கம் போய் ஒரு சோடா குடித்தான். அவ்வளவுதான் அன்றைக்கு மதியச் சாப்பாடு. பிற்பகலில் ஓடிவந்து போட்டபோது கால் எழும்பவில்லை. பந்து பாதி வழியிலேயே குத்தி, 'என்னை அடி' என்பது போல எழும்பி நின்றது. முத்துசாமி அடித்து நொறுக்கினார். ஒரே ஒரு பந்து சரியாக விழுந்து மட்டை விளிம்பில் பட்டுப் போனது. அதையும் பஞ்சநாதன் கையில் வாங்கிக் கீழே விட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாரும் ஃபார்மைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், சோற்றுக்காகச் சண்டை போட்டான் என்று ஆகிவிடும் என்று அவனுக்கு ஒரு கூச்சம். வீட்டில் மனைவி ராசாத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தான். இன்றைக்குக் காபி கிளப்பில் நடந்ததையும் அவளிடம்தான் கொட்டினான்.

ராசாத்தி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நீ சொல்லாம இருக்கற வரைக்கும் அவங்களுக்கு அது நடக்கவே இல்ல" என்றாள். "ஒனக்கு ஃபார்ம் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு நிம்மதியாத் தூங்குவாங்க. கூட்டம்னு சொன்னியே. போறியா?"

"போகத்தான் போறேன்."

"போய் அங்கயும் தலையாட்டிட்டு வராத."

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது வாசகசாலையில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. பஞ்சநாதன் எழுந்து பேசினார். உண்மையாகவே நன்றாகப் பேசினார். சொந்த மண்ணில் ஆடும் உரிமை என்றார். திறமைசாலியை ஒரு நாள் தோல்விக்காக ஒதுக்கி வைப்பது பாவம் என்றார். பேசப் பேச அவருக்கே குரல் தழுதழுத்தது. கடைசியில் தீர்மானத்தைப் படித்தார்: டெல்லி ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தவரை உரிய காரணமின்றி விலக்கியதைப் பெரம்பலூர் கிரிக்கெட் கிளப் வன்மையாகக் கண்டிக்கிறது.

"இத ஒரு பவுலர் வழிமொழிஞ்சாத்தான் பொருத்தம். செல்லதுரை, எந்திரி" என்றார்.

செல்லதுரை எழுந்தான்.

"தீர்மானத்த மனசார வழிமொழியறேன். சார் சொன்னதுல ஒரு வார்த்த கூடக் கொறையில்ல. பந்து போடறவனுக்கு அன்னிக்கு என்ன ஆச்சுன்னு விசாரிக்காம ஃபார்ம் போச்சுன்னு சொல்லக்கூடாதுன்னு நேத்து சார்தான் சொன்னாரு. அதனால என்னையும் விசாரிச்சிடுங்க. அரியலூர்ல மதியத்துக்கு மேல நான் அடி வாங்குனேன். வாங்குனது நெசம். அன்னிக்கு நான் சாப்பிடல. எனக்கு எல போட்டது மாட்டுக் கொட்டாயில. நீங்க எல்லாரும் கூடத்துல சாப்பிட்டுட்டு வந்து எனக்குப் பின்னால நின்னீங்க. நான் வெறும் சோடாவ குடிச்சிட்டு வந்து பந்து போட்டேன்."

அவன் நிறுத்தவில்லை.

"எனக்கு டீமுல எடம் குடுங்கன்னு கேக்கல. என்னை விட நல்லாப் போடறவன் வந்தா அவன எடுங்க. ஆனா பட்டினியாப் போட்டவனோட ஃபார்மப் பத்தி, சாப்பிட்டவங்க பேசாதீங்க. அதனால ரெண்டாவது தீர்மானம் ஒண்ணு கொண்டாரேன். நம்ம கிளப்புல ஆடறவங்க எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும். அதுக்கு சம்மதிக்காத எடத்துல கிளப் ஆடக்கூடாது."

பஞ்சநாதனின் முகம் கறுத்துவிட்டது. "இதக் கூட்டத்துல கொண்டாந்து பேசணுமா? எங்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க பாத்துக்கிட்டுதான சார் இருந்தீங்க."

"அது அவங்க ஊர் வழக்கம். விருந்துக்குப் போன எடத்துல நான் என்ன பண்ண முடியும்? அது வேற, இது வேற."

அப்போது அரியமுத்து எழுந்தார். இரண்டு நாளாக ரங்காச்சாரிக்கு எதிராக வாதாடிய அதே அரியமுத்து.

"ஃபார்ம் போச்சுன்னு பஸ்ஸுல மொதல்ல சொன்னவன் நான்தான்" என்றார். அவருடைய குரலில் வழக்கமான நிதானம் இல்லை. "நோயாளிக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு கேக்கறவன் நான். பக்கத்துல ஓடி ஆடற ஆளக் கேக்காம விட்டுட்டேன். மொத தீர்மானத்துக்கு நான் கை தூக்க மாட்டேன். ரங்காச்சாரி விஷயத்துல என் அபிப்பிராயம் மாறல. ரெண்டாவதை வழிமொழியறேன்."

முதல் தீர்மானம் ஒருவர் எதிர்க்க நிறைவேறியது. இரண்டாவதற்கு வைத்திலிங்கம் ஓட்டெடுத்தபோது பலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் பஞ்சநாதனைப் பார்த்தார்கள். தூக்கிய கைகள் நாலுதான். தீர்மானம் தோற்றது.

"சரி" என்றார் அரியமுத்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "அப்ப ஞாயித்துக்கெழம நான் ஆடல." கை தூக்கியவர்களில் இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே வெளியே போனார்கள். செல்லதுரை யாருக்கும் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்தான்.

புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே வேப்பமரத்தடியில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. பஞ்சநாதன் இறங்கி நின்றார். சேரிப் பக்கம் அவர் வந்து செல்லதுரை பார்த்ததில்லை. பிள்ளைகள் ஜன்னலில் குவிந்தார்கள். அவன் வேண்டுமென்றே கணக்கை முடித்துவிட்டுத்தான் வெளியே போனான்.

"மூணு பேர் இல்லாம எப்படி ஆடறது?" என்றார் பஞ்சநாதன். "அரியமுத்து பிடிவாதமா இருக்காரு. நீ வந்தாத்தான் அவங்க வருவாங்களாம். வந்து ஆடு."

"சாப்பாடு?"

பஞ்சநாதன் வண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். "வூட்டுலதான் விருந்து வெக்கறதா இருந்தேன். அம்மாகிட்ட கேட்டேன். அவங்க ஒத்துக்கல. வயசானவங்க, நான் என்ன சொல்ல. அதனால மைதானத்துலயே பந்தல் போட்டுடறேன்."

"பந்தல்ல எத்தன பந்தி சார்?"

"ஒண்ணுதான்."

"அரியலூர்க்காரங்க வேணாம்னா?"

"எல போட்டது போட்டதுதான்."

செல்லதுரை ஒப்புக்கொண்டான். ராத்திரிச் சாப்பாட்டின்போது ராசாத்தி கேட்டுவிட்டு, "வூட்டுக்குள்ள விட மனசில்லாம பந்தல் போடறாரு" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போற?"

"போகாம இருந்தா அந்தப் பந்தலும் இருக்காது."

அவனுக்கும் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனாலும் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரம்பலூர்தான் முதலில் மட்டை பிடித்தது. மதியம் பந்தலில் ஒரே பந்தியாக எதிரும் புதிருமாக இலை விழுந்தது. செல்லதுரை நடுவில் போய் உட்கார்ந்தான். அரியலூர் கேப்டன் முத்துசாமி பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டார். அவரோடு வந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பஸ்ஸில் போய் உட்கார்ந்தார்கள்.

"என்னங்க இது புது வழக்கமா இருக்கு" என்றார் முத்துசாமி.

"எல போட்டாச்சு, முத்துசாமி. வந்து உக்காருங்க" என்றார் பஞ்சநாதன்.

"நீங்க உக்காருவீங்களா?"

பஞ்சநாதன் ஒரு கணம் நின்றார். பந்தலில் எல்லாரும் சோற்றைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்கள். அவர் வந்து செல்லதுரைக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேப்பெண்ணெய் குடிக்கிறவர் முகம் போல இருந்தது அவர் முகம். ஆனால் உட்கார்ந்தார், சாப்பிட்டார், மோர் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அரியலூர்க்காரர்களில் மற்றவர்களும் மெள்ள வந்து உட்கார்ந்தார்கள். முத்துசாமி மட்டும் புளியமரத்தடியில் நின்று இரண்டு வாழைப்பழம் தின்றார்.

பிற்பகலில் செல்லதுரை பந்து போட வந்தான். வயிறு நிறைந்திருந்தது, காலில் வலு இருந்தது. தலையில்தான் நிதானம் இல்லை. முதலில் இரண்டு பேரை அனுப்பினான். முத்துசாமி வந்து நின்றதும் அவனுக்கு ரத்தம் கொதித்தது. அவர் பல்லைப் பெயர்க்கிற மாதிரி வேகவேகமாக, குட்டையாகக் குத்திப் போட்டான். முத்துசாமி அசராமல் இடது பக்கம் மடக்கி அடித்தார். அங்கே ஆளே இல்லை. மறுபடி குத்தினான், மறுபடி அதே இடத்துக்கு அடித்தார். வாழைப்பழம் தின்ற மனிதர் கடைசி வரைக்கும் அவுட் ஆகவில்லை. வெளிச்சம் மங்கியதும் ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் நின்றது. அரியலூர் பஸ் கிளம்பிப் போயிற்று. போகும்போது முத்துசாமி பஞ்சநாதனிடம் மட்டும் சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரம் சென்னை டெஸ்ட். வாசகசாலை ஜன்னலில் பஞ்சநாதன் தன் பேட்டரி ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். செல்லதுரையும் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்து வந்துவிடுவான். வெஸ்ட் இண்டீஸ் முதல் ஜோடி இருநூறைத் தாண்டியும் பிரியவில்லை. பஞ்சநாதன் தொடையில் அடித்துக்கொண்டார். "நான் சொன்னேனா இல்லியா. ரங்காச்சாரி இருந்திருந்தா இந்தக் கதி வருமா?" பிறகு நம் பந்து வீச்சாளர் பட்கர் ஒருவரே ஏழு விக்கெட் எடுத்ததும் அரியமுத்து புருவத்தை உயர்த்தினார். "ஆளா இல்ல நம்மகிட்ட?" அப்புறம் நம்மவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு தடவையும் சரிந்து, இன்னிங்ஸ் தோல்வி அடைந்தார்கள். அதில் இரண்டு பேருடைய வாயும் அடைத்துப்போயிற்று.

வாய் அடைத்த பஞ்சநாதன் வேறு ஆளைத் தேடினார். "செல்லதுரை, நீ அன்னிக்கு முத்துசாமிக்கு ஏன்யா அவ்வளவு குட்டையாப் போட்ட? ஒரு பந்து போனா சரி. திரும்பத் திரும்ப அதே எடமா?"

"நீங்க லெக் சைடுல ஆள் வெக்கலயே சார்."

"ஆள் வெச்சுட்டா ஆஃப் சைடு யாரு பாக்கறது? நீ நேரா ஸ்டம்புக்குப் போட்டிருந்தா ஆளே தேவையில்ல."

"ஸ்லிப்புல மூணு பேர நிறுத்தி வெச்சுக்கிட்டு நேராப் போடுன்னா எப்படி? பந்து போடறவன ஒரு வார்த்த கேட்டு ஆள நிறுத்தணும்ல?"

"கேப்டன் நீயா நானா?"

"பந்து யாரு சார் போடறது?"

அரியமுத்து நடுவில் புகுந்து, இரண்டு பேரும் தப்பு என்று ஆரம்பித்தார். வைத்திலிங்கம் வேறு அவன் பங்குக்குச் சேர்ந்துகொண்டான். கால் மணி நேரம் கத்தினார்கள்.

இரண்டாவது தீர்மானத்தைப் பங்குனியில் அரியமுத்து மறுபடி கொண்டுவந்தார். அப்போதும் கைகள் போதவில்லை. ஆனால் அதற்கப்புறம் பெரம்பலூரில் எந்த ஆட்டம் நடந்தாலும் சாப்பாடு மைதானத்துப் பந்தலில்தான் என்று ஆயிற்று. அரியலூர்க்காரர்கள் அடுத்த பருவத்துக்கு ஆட்டம் கேட்டு வரவில்லை.

வாசகசாலையில் அப்படிக் கத்திய அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் செல்லதுரைக்குக் கோபம் ஆறவில்லை. சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"மறுபடி என்ன? சாப்பாட்டப் பத்தி எதாவது பேசினாங்களா?" என்று கேட்டாள் ராசாத்தி.

"அதெல்லாம் இல்ல. லெக் சைடுல ஒரு ஆள நிறுத்தத் தெரியல, கேப்டனாம்."

அவன் முறத்திலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளித் தரையில் பரப்பி, யார் யார் எங்கே நின்றார்கள் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தான். அவள் அடுப்பில் குழம்பு கொதிக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எதிரே வந்து உட்கார்ந்தாள்.